டர்பன் வீட்டுக் கொல்லையில் பரம்பரைச் செர்ரி தக்காளி: விதையிலிருந்து விதை வரை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தக்காளி போட்டால் முதலில் சறுக்குவது மாதக் கணக்கில்தான். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காற்று, பின்னாலேயே மழை. இங்கே ஆடி நடுக்குளிர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம், கொல்லை மண் காய்ந்து கிடக்கிறது. மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை, வெயிலோடும் புழுக்கத்தோடும் சேர்ந்தே வரும்.

என் முதல் வருடக் கதை இப்படித்தான் கெட்டது. விதைப் பொட்டலத்தின் முதுகில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை விதைக்கலாம் என்று அச்சடித்திருந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. நான் நவம்பரில் விதைத்தேன். பொங்கலுக்குச் செடி இடுப்பளவு, தைப்பூசக் காவடி முடிந்து வந்து பார்த்தால் அடி இலையெல்லாம் பழுப்பு வளையம் வளையமாகக் கருகி, பூ உதிர்ந்து, குச்சி மட்டும் நின்றது. ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல தக்காளி வைப்பாங்களா? மாசியில போடு கண்ணு" என்றார். அவர் சொன்னதில்தான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

எப்போது விதைப்பது

டர்பன் கடற்கரை வட்டாரத்தில், அதாவது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிபிங்கோ, டொங்காட் பக்கம் உறைபனி விழுவதில்லை. ஜூலை இரவுகூடச் சராசரியாக 11 டிகிரி, பகல் 23 டிகிரி. தக்காளிக்கு இது தாராளம். ஜனவரி, பிப்ரவரியில்தான் தொல்லை. இரவுச் சூடு 21 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். பகல் 30 டிகிரியைத் தாண்டினால் பழத்துக்குச் சிவப்பு ஏறாது, ஆரஞ்சாகவே நின்றுவிடும். போதாக்குறைக்கு இலை எந்நேரமும் ஈரம், பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அதனால் மாசியில் விதை, பங்குனியில் நாற்று, புனித வெள்ளியையொட்டி நடவு. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் கூட்டம் கூடும் வாரம்தான் எனக்கு நடவு வாரம். தேதியை மறந்தாலும் திருவிழா மறக்காது. ஆனிக் கடைசியில் முதல் பழம், ஆடி ஆவணியில் அள்ளும் அளவு, புரட்டாசி விரதத்துக்கும் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது பட்டமும் ஒன்று உண்டு. ஆடியில் ஜன்னலோரம் விதைத்து செப்டம்பரில் நட்டால் நவம்பர், டிசம்பர் தொடக்கம் வரை பறிக்கலாம். ஆக, பழமொழி இங்கேயும் முழுப்பொய் ஆகவில்லை. ஆனால் இது மழையோடு ஓடும் பந்தயம். முதல் முறை போடுபவர்கள் மாசிப்பட்டத்தோடு தொடங்குங்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் பிரிட்டோரியா லாடியமிலும் குளிரில் உறைபனி விழும். அங்கே ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து, பனி விட்டபின் அக்டோபரில் நடவேண்டும். கோடையில் ஆலங்கட்டி மழை வேறு, மேலே வலை இல்லாமல் நம்ப முடியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பள்ளமான இடங்களில் பனி விழும், அங்கேயும் வசந்தகால நடவுதான். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் வரும், கோடையில் வறட்சி. அவர்களுக்குக் கோடைதான் தக்காளிக் காலம்.

எந்த விதை

பொட்டலத்தில் 'ஏர்லூம்' என்று போட்டிருப்பதைத்தான் பரம்பரை ரகம் என்கிறேன். அதன் விதையை எடுத்துப் போட்டால் தாய்ச்செடி போலவே பிள்ளைச்செடி வரும். 'எஃப் 1' என்று இருந்தால் அது கலப்பினம். சன்கோல்ட் என்ற ஆரஞ்சுச் செர்ரி தக்காளியை யாரும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு இனிப்பு. ஆனால் அது எஃப் 1. ஒரு வருடம் அதன் விதையை எடுத்துப் போட்டேன். ஐந்து செடி, ஐந்தும் ஐந்து விதம். ஒன்று புளிப்பு, ஒன்று சப்பை, ஒன்று பரவாயில்லை.

இங்கே பெரிய தக்காளியை விடச் செர்ரி ஏன் என்றால், அது காட்டுத் தக்காளிக்குக் கிட்டத்துச் சொந்தம். முரட்டு உடம்பு. காய் சின்னதாக இருப்பதால் சீக்கிரம் பழுக்கும், புழுவும் ஈயும் கண்டுபிடிப்பதற்குள் பாதி நம் கைக்கு வந்துவிடும். பெரிய தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுமே, அந்தத் தொல்லை செர்ரியில் மிக அபூர்வம்.

நான் போட்டுப் பார்த்தவற்றில்:

மேட்ஸ் வைல்ட் செர்ரி. மெக்சிகோவின் இடால்கோ பகுதியிலிருந்து வந்த ரகம். பழம் சுண்டைக்காய் அளவுதான், பறிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் இலைக்கருகலைத் தாங்குவதில் இதை மிஞ்ச ஆளில்லை. முதல் முறை போடுபவர்களுக்கு இதைத்தான் கையில் கொடுப்பேன்.

பிளாக் செர்ரி. கருஞ்சிவப்பு, மாம்பழத்தைப் போல ஆழமான ருசி. கறாராகச் சொன்னால் இது பழைய ரகம் இல்லை, 2000க்குப் பிறகு வந்தது. ஆனாலும் விதை மாறாமல் வரும், அது போதும்.

ரீசன்ட்ராபே. ஜெர்மன் பெயர், 'பெரிய திராட்சைக்குலை' என்று பொருள். பூங்கொத்தைப் பார்த்தால் பெயர் ஏன் என்று புரியும்.

யெல்லோ பேர். மஞ்சள் பேரிக்காய் வடிவம், 200 வருடத்துக்கு மேல் பழையது. படம் எடுக்க அழகு, சாப்பிட மாவு. குழந்தைகள் கேட்பதால் ஒரு செடி வைக்கிறேன்.

இரண்டு ரகத்துக்கு மேல் முதல் வருடம் வேண்டாம்.

நாற்று

தென்னைநார்த் தூளும் சலித்த மக்கு உரமும் பாதிக்குப் பாதி. தோட்டத்து மண்ணை நாற்றுத்தட்டில் போடாதீர்கள், நாற்றழுகல் வரும். முட்டை அட்டை, தயிர்க் கப், எது இருந்தாலும் சரி, அடியில் ஓட்டை வேண்டும். அரை சென்டிமீட்டர் ஆழம், ஒரு குழிக்கு இரண்டு விதை. மாசிச் சூட்டில் 5 முதல் 8 நாளில் முளைக்கும்.

முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நாள் இருட்டில் விட்டால்கூட நூல் போல நீண்டு சாயும். மாசி, பங்குனி மழை நேராக மேலே விழாமல் தாழ்வாரத்தில் வைத்து, தண்ணீரைத் தட்டின் அடியில் ஊற்றுங்கள். நிஜ இலை இரண்டு வந்ததும் தனித்தனிக் கப்புக்கு மாற்ற வேண்டும். தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும்.

ஆறு வாரத்தில் ஒரு சாண் உயரம் வந்திருக்கும். நடவுக்கு முந்தைய வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிப் பழக்குங்கள்.

மண்ணும் நடவும்

டர்பனில் இரண்டு மாதிரி மண்தான் அதிகம் பார்ப்பீர்கள். மேட்டுப் பக்கம் சிவப்பு மணல், கடலோரம் வெளிர் மணல். இரண்டும் தண்ணீரை நிற்க விடாது, உரத்தையும் நிற்க விடாது. மணல் மண்ணுக்கு இன்னொரு சாபம் உண்டு, வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. செடி காரணமே இல்லாமல் சோர்ந்து நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் வேரில் இஞ்சித் துண்டு போல முடிச்சு முடிச்சாக இருக்கும். கலப்பினத் தக்காளி பலவற்றில் இதற்கு எதிர்ப்பு உண்டு, பொட்டலத்தில் பெயருக்குப் பின்னால் 'N' என்ற ஆங்கில எழுத்தைப் பார்க்கலாம். பரம்பரை ரகத்துக்கு அந்த எழுத்து கிடையாது. ருசிக்காக நாம் கொடுக்கும் விலை அது.

ஆகவே போன வருடம் தக்காளி, கத்திரி, மிளகாய், உருளை இருந்த இடத்தில் தக்காளி வைக்காதீர்கள். நாலும் ஒரே குடும்பம். மூன்று வருடம் இடம் மாற்றுங்கள். இடையில் சோளமோ வெங்காயமோ போடலாம். மழைக்காலத்தில் அந்த இடத்தில் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக விதைத்து, மாசியில் அப்படியே வெட்டி மண்ணோடு புரட்டிவிட்டால் நூற்புழு நன்றாகக் குறையும். இரண்டு செடி ஓரத்தில் வைத்தால் போதும் என்று சொல்வார்கள், அது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த் வீடுகளில் இடம் மாற்ற இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். 1960களில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள், கொல்லை என்பது துணிக்கொடி கட்டும் அகலம்தான். அங்கே 20 லிட்டர் பெயின்ட் வாளி நல்ல வழி. நன்றாகக் கழுவி, அடியில் ஆறேழு ஓட்டை போட்டு, மக்கு உரம் பாதி, தோட்டத்து மண் கால், தென்னைநார்த் தூள் கால் என்று நிரப்பினால் ஒரு செடிக்குச் சரியாக இருக்கும். வருடா வருடம் மண்ணை மாற்றிவிடுங்கள்.

தரையில் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாளி மக்கு உரமோ, நன்றாக மக்கிய கோழி எருவோ போட்டுக் கொத்த வேண்டும். பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். அதோடு 2:3:2 உரம் 60 கிராம், அதாவது இரண்டு சின்னக் கைப்பிடி. இந்த நாட்டு உர மூட்டையில் உள்ள எண்கள் தழை, மணி, சாம்பல் சத்தின் விகிதம். நடவுக்கு மணிச்சத்து கூடிய 2:3:2, பூ வந்தபின் சாம்பல்சத்து கூடிய 3:1:5. ஹார்டுவேர் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருவார்.

நடும்போது ஒரே ஒரு விஷயம் கவனம். ஆழமாக நடுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நாலு இலை தெரியும்படி தண்டைப் புதையுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். மாலையில் நடவு, செடிக்குச் செடி 75 சென்டிமீட்டர். 2 மீட்டர் கம்பை அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். அப்புறம் ஊன்றினால் வேரைக் குத்தும். செர்ரி ரகங்கள் பெரும்பாலும் நிற்காமல் ஏறும், கூரையைத் தொட்டாலும் ஆச்சரியம் இல்லை.

தண்ணீர், கவாத்து, உரம்

தரைச் செடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஆனால் ஆழமாக. வாளிச் செடிக்குக் காற்றடிக்கும் நாளில் தினமும். இலையில் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். வேரைச் சுற்றிக் காய்ந்த புல்லோ கரும்புத் தோகையோ நாலு விரல் மூடாக்கு. ஹடீடாப் பறவை வந்து மூடாக்கைக் கிளறிப் புழு தேடும், காலையில் மறுபடி சரிசெய்வது நம் வேலை.

ஆகஸ்ட் வாக்கில் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து சுடுகாற்று வீசும், இங்கே பெர்க் விண்ட் என்பார்கள். குளிர்காலத்தின் நடுவே திடீரென்று அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும், மதியத்துக்குள் வாளிச் செடி தலை தொங்கிவிடும். மறுநாளே காற்று திரும்பித் தூறல் போடும். காய்ந்த செடி தண்ணீரை மடமடவென்று குடிக்க, பழத்தோல் வெடிக்கும். ஆகவே சுடுகாற்று அடிக்கும் அன்றே நிறம் மாறிய எல்லாவற்றையும் பறித்துவிட்டு, சாயங்காலம் நிதானமாகத் தண்ணீர் விடுவேன். வெடிப்பு பாதியாகக் குறையும்.

இலைக்கும் தண்டுக்கும் நடுவில் முளைக்கும் பக்கத்தளிரைக் கிள்ள வேண்டுமா? பெரிய தக்காளிக்கு ஆம். செர்ரிக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. இரண்டு, மூன்று தண்டு விட்டு, மற்றதைக் கிள்ளினால் போதும். முக்கியம் அடிப்பகுதிதான். முதல் பழக்குலை வரைக்கும் உள்ள இலையை மெல்ல மெல்ல எடுத்துவிடுங்கள். மண் தெறிக்கும் இலையிலிருந்துதான் கருகல் ஏறும்.

முதல் பூங்கொத்து வந்ததும் 3:1:5 ஒரு தேக்கரண்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தழைச்சத்து கூடினால் செடி காடாகும், பழம் சப்பென்று ஆகும்.

பூச்சி, நோய், அப்புறம் குரங்கு

குளிர்காலம் வறட்சியானது என்பதால் பூஞ்சை குறைவு, பேன் அதிகம். இலை மேலே வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய நூல் என்றால் செஞ்சிலந்திப் பேன். இதற்கு மட்டும் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுவது நல்லது, காலையில் செய்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்பு, வெயில் தாழ்ந்தபின். வெள்ளை ஈ இலைச்சுருள் வைரஸையும் கொண்டுவரும். உச்சி இலை சுருண்டு மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றால் மருந்து இல்லை, பிடுங்கி மூட்டை கட்டிவிடுங்கள்.

காயில் வட்ட ஓட்டை போட்டால் காய்ப்புழு. இலைக்குள் கொப்புளம் போல வெளிர்த் தடம் தெரிந்தால் டூட்டா என்ற இலைதுளைப்பான். தென் அமெரிக்காவில் பிறந்து, 2016இல் இந்த நாட்டுக்குள் வந்து சேர்ந்தது. தடம் தெரிந்த இலையை அன்றே பறித்து, கட்டிய பையில் போட்டு வெயிலில் வையுங்கள். புழு சின்னதாக இருக்கும்போதே 'பி.டி.' (Bt) எனப்படும் பாக்டீரியா மருந்து தெளித்தால் இரண்டுக்குமே கேட்கும்.

பச்சையாக நின்ற செடி இரண்டே நாளில் வாடிப்போனால் ஒரு சோதனை செய்யுங்கள். அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். ஆடாமல் பார்த்தால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும். இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளிக் குடும்பத்தை மறந்துவிட்டு வாளிக்கு மாறுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் தாண்டி வந்த பழத்தைத் தின்ன வெர்வெட் குரங்கு வரும். பள்ளத்தாக்குப் புதர்களை ஒட்டிய தெருக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று எறிந்துவிட்டு, அடுத்ததைக் கடிக்கும். ரப்பர் பாம்பு வைத்தேன், மூன்றாம் நாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாசலில் அனுமார் கொடி பறக்கிற வீட்டில் கல்லெடுக்கவும் மனம் வராது. விஷம் வைப்பது, சுடுவது பேச்சே வேண்டாம். நாலு கம்பு நட்டு, மேலும் பக்கமும் நிழல்வலை கட்டி, அடியைச் செங்கல்லால் அழுத்திய கூண்டு ஒன்றுதான் நின்று வேலை செய்தது. வலை மெல்லியதாக, 20 சதவீத நிழல் போதும். அடர்த்தி கூடினால் காய் குறையும். எலிவாலன் பறவையும் இதிலேயே அடங்கும். தேனீ வராதே என்று பயம் வேண்டாம், தக்காளி தன் மகரந்தத்தில் தானே காய்க்கும். நடுக்காலையில் கம்பை இரண்டு தட்டு தட்டிவிடுங்கள், போதும்.

கூண்டு கட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. பச்சை மாறி லேசாக நிறம் ஏறிய பருவத்திலேயே பறித்து, சமையலறையில் பழுக்க வையுங்கள். செடியிலேயே பழுத்ததற்கும் இதற்கும் ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. குளிர்ப்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

நன்றாக வந்த செடி இரண்டு மூன்று கிலோ தரும். கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பழத்தை முழுசாகவே போட்டு மூடி வைத்தால், தோல் வெடித்துத் தானே மசியும் டர்பன் தக்காளிச் சட்னிக்கு இதைவிட நல்ல பழம் இல்லை. மக்காச்சோள நொய்யான மீலி ரைஸுக்கும் ஆகும், ரொட்டிக்கும் ஆகும்.

விதை எடுப்பது

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த வேலை இது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து இங்கே வந்ததிலிருந்து, ஒப்பந்தம் முடித்த நம்மவர்கள் கரும்புக்காட்டை விட்டு வெளியே வந்து காய்கறித் தோட்டம் போட்டுத்தான் பிழைத்தார்கள். ஆயாவின் அப்பாவும் அப்படித்தான். விதையை விலைக்கு வாங்குவது என்பதே ஆயாவுக்கு வேடிக்கை.

முதலில் செடியைத் தேர்ந்தெடுங்கள், பழத்தை அல்ல. உங்கள் கொல்லையில், உங்கள் மண்ணில், பேனும் கருகலும் வந்தும் நின்ற செடி எதுவோ அதற்கு நூல் கட்டுங்கள். ஐந்தாறு வருடம் இப்படியே எடுத்தால் அந்த ரகம் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வீட்டுக்குப் பழகும். எங்கள் மேட்ஸ் வைல்ட் செர்ரி இப்போது வாங்கியதை விடப் பத்து நாள் முன்னால் பூக்கிறது.

பல ரகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கலப்பு நேரலாம். பூ விரியும் முன் கொத்தை ஆர்கன்சா பையால் மூடுங்கள். கல்யாண வீட்டில் பாதாம் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தப் பைதான். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் அடையாளம்.

பழம் நன்றாகக் கனிந்து மெத்தென்று ஆனபின் பறித்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிதுக்குங்கள். விதையைச் சுற்றி வழவழப்பான ஜவ்வு இருக்கும், அது முளைப்பைத் தடுக்கும். அதைப் புளிக்க வைத்துத்தான் நீக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் ஊற்றி, துணியால் வாய் கட்டி, வீட்டில் யாரும் புழங்காத மூலையில் வையுங்கள். இரண்டாம் நாள் புளித்த தோசைமாவு வாடை. மூன்றாம் நாள் மேலே வெள்ளைப் படலம் கட்டும், வாடையும் தோசைமாவைத் தாண்டிவிடும். என் வீட்டுக்காரர் ஒருமுறை குழம்பு கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டார், அந்த வருட விதை சாக்கடையோடு போயிற்று. அதிலிருந்து டம்ளரில் பெயர் எழுதி ஒட்டுகிறேன்.

படலம் கட்டியதும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சதையும் பொக்கு விதையும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். சாய்த்து வடித்து, மூன்று நாலு முறை அலசி, டீ வடிகட்டியில் எடுத்துப் பீங்கான் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. நிழலில் ஒரு வாரம், தினமும் விரலால் கலைத்துவிட வேண்டும். காய்ந்த விதை மேலே மெல்லிய ரோமத்தோடு சாம்பல் கலந்த பழுப்பாக, தட்டில் சலசலக்கும்.

காகித உறையில் போட்டு, ரகம், மாதம், வருடம் எழுதி, வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு பிடி போட்ட பாட்டிலுக்குள் வையுங்கள். டர்பன் ஈரக்காற்றுக்கு அரிசி அவசியம். குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் நாலைந்து வருடம் தாராளமாக முளைக்கும்.

பழைய விதை என்றால் தை மாதமே ஒரு சோதனை: பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி, ஒரு டப்பாவில் மூடி, சமையலறைச் சூட்டில் பத்து நாள். எட்டுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல விதையுங்கள். ஐந்து ஆறு என்றால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள். அதற்கும் கீழே போனால், மாசி பிறக்குமுன் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.